50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு வீட்டிலேயே புரூடர் அமைப்பது எப்படி

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சானாலும் சரி, அடைக்கோழியிடமிருந்து பிரித்தெடுத்த குஞ்சானாலும் சரி, முதல் இரண்டு மூன்று வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே முழுசாகக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. அதன் மேல் இருப்பது வெறும் பஞ்சுமுடி, இறகு அல்ல. தாய் இருந்தால் குளிரும்போது றெக்கைக்குள் நுழையும், சூடேறினால் வெளியே வந்து மேயும். அந்த றெக்கைக்கு மாற்றாக நாம் வைப்பதுதான் புரூடர். நுழைவதற்கு எல்லோரும் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். வெளியே வருவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, மேலே சாக்கு என்று மூடி, பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்துவிட்டால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. சூடான இடம், சூடு குறைந்த இடம், இரண்டுக்கும் இடையே அது தானே நடந்து போய்வர வழி. இந்த மூன்றும் இருந்தால் மற்றதைக் குஞ்சே பார்த்துக்கொள்ளும்.

கீழே உள்ள அளவெல்லாம் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு. 25 குஞ்சு என்றால் இட அளவைப் பாதியாக்குங்கள், பல்பை மட்டும் அப்படிக் குறைக்காதீர்கள். குஞ்சு குறையக் குறைய ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்து பெறும் சூடும் குறையும்.

வாங்க வேண்டியவை

- 18 அடி நீளம், ஒன்றரை அடி உயரமுள்ள மெல்லிய ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு). தகடு கிடைக்காவிட்டால் தடித்த அட்டையோ மூங்கில் தட்டியோ போதும்.
- 2 அடி அகலமுள்ள அலுமினிய பேசின். மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் பழைய டிடிஎச் தட்டு இருந்தால் அதுவும் இதே அளவுக்குப் பக்கம்தான் வரும்.
- 40 வாட் குண்டு பல்பு 3, கையிருப்புக்கு இன்னும் 2.
- பீங்கான் ஹோல்டர் 3, சுவிட்சுகளோடு ஒரு பலகை, மூன்று கம்பி உள்ள ஒயர், தொங்கவிட இரும்புச் சங்கிலி 6 அடி.
- நெல் உமி 2 மூட்டை.
- ஒரு லிட்டர் குஞ்சுத் தண்ணீர்க் குடுவை 2, இரண்டடி நீளத் தீவனத் தொட்டி 2, அகலமான தட்டு 3.
- வெப்பமானி 1. கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் கருவியே போதும்.

எல்இடி பல்பை இந்த வேலைக்கு வாங்கிவிடாதீர்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. பெட்டி பளிச்சென்று இருக்கும், குஞ்சு உள்ளே விறைத்துக் கிடக்கும். மின்சாரத்தைப் பெரும்பாலும் சூடாகவே வீணடிப்பதால்தான் குண்டு பல்பு இங்கே உபயோகப்படுகிறது. 250 வாட் சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பும் 50 குஞ்சுக்குத் தேவையில்லை. அது நூற்றுக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கானது. வீட்டுக் கொட்டகையில் அவிழ்ந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

தகடு வளையம்

குஞ்சுகளுக்கு மூலை இருக்கக் கூடாது. குளிர்ந்தாலோ மிரண்டாலோ எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கிய குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும். காலையில் மூலையில் நான்கைந்து தட்டையாகக் கிடந்தால் காரணம் நோயல்ல, இந்த நெரிசல்தான். அதனால்தான் சதுரப் பெட்டியைவிட வட்டத் தகடு நல்லது. பெட்டிதான் இருக்கிறது என்றால் நான்கு மூலையிலும் அட்டையை வளைத்துச் செருகி மூலையை மழுக்கிவிடுங்கள்.

18 அடித் தகட்டின் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏற்றி, முதல் வாரத்துக்கு 4 அடி குறுக்களவில் வளையமாக்கிக் கிளிப்போ கம்பியோ போட்டு நிறுத்துங்கள். உள்ளே 12 சதுர அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். அதாவது குஞ்சுக்குக் கால் சதுர அடி. எட்டாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, இரண்டாம் வார முடிவில் ஐந்தரை அடிக்குக் கொண்டுபோங்கள். அப்போது தலைக்கு அரை சதுர அடி வரும். ஒரே தகடு இரண்டுக்கும் ஆகட்டும் என்றுதான் 18 அடி. தொடக்கத்திலேயே பெரிதாக விட்டால் சிறு குஞ்சு சூட்டையும் தண்ணீரையும் தேடித் தொலைந்துபோகும். கடைசிவரை சிறிதாகவே வைத்தால் ஈரமும் கொத்திக்கொள்வதும் சேர்ந்து வரும்.

வளையம் வைக்கும் அறைக்கு மேற்கூரை ஒழுகக் கூடாது, தரைமட்டத்தில் காற்று அடிக்கக் கூடாது. ஆனால் மேலே சன்னலோ இடைவெளியோ திறந்தே இருக்க வேண்டும். குஞ்சின் மூச்சு ஈரமும் எச்சத்தின் காரநெடியும் வெளியே போக வேறு வழி கிடையாது. சாக்குக்குப் பதில் பாலித்தீனோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ போட்டு வளையத்தை மேலே மூடும் பழக்கம் இருக்கிறது. காலையில் அதன் அடியில் நீர்த்துளி கோத்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே குஞ்சு சுவாசிப்பதும் அந்த ஈரத்தைத்தான். ஃப்ளெக்ஸைக் கொட்டகையின் பக்கவாட்டில் மழைச்சாரலுக்குத் தடுப்பாகக் கட்டுங்கள், புரூடருக்கு மூடியாக வேண்டாம்.

கூடாரமும் ஒயரும்

கவிழ்த்த பேசின்தான் இங்கே கூடாரம். அதில் நடுவிலிருந்து 5 அங்குலத் தூரத்தில் முக்கோணமாக மூன்று ஹோல்டர்களைத் திருகுங்கள். ஒரே 100 வாட் பல்புக்குப் பதில் மூன்று 40 வாட் பல்பு போடுவதற்கு இரண்டு காரணங்கள். நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் ஆனாலும் மற்ற இரண்டு விடியும்வரை தாங்கும். மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்தால் மதியம் இரண்டை அணைத்து, இரவு மூன்றையும் போட்டுக்கொள்ளலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது குளிர்காலக் கணக்கு, வெயில் காலத்தில் 1 வாட் போதும். மூன்று பல்பும் 24 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

பேசின் உலோகம் என்பதால் ஒயரின் மூன்றாவது கம்பியை பேசினோடு திருகி எர்த் கொடுத்தே ஆக வேண்டும். ஒயர் உரசி உலோகத்தில் பட்டால் பேசினைத் தொடும் கைக்கு ஷாக் அடிக்கும். ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடுங்கள். பேசினை ஒயரில் தொங்கவிடக் கூடாது, சங்கிலியில்தான் தொங்கவிட வேண்டும். அதற்குத் துணையாக இன்னொரு கம்பியையும் தளர்வாகக் கட்டி வையுங்கள். ஒன்று அறுந்தாலும் பல்பு உமியில் விழாது. மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பு கட்டுவது நம் ஊரில் பழகிய முறைதான். அப்படிச் செய்வதாக இருந்தால் பல்புக்கும் மூங்கிலுக்கும் இடையே எந்தப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

தொடக்கத்தில் பல்பின் அடி, தரையில் பரப்பும் உமிக் கூளத்திலிருந்து 12 அங்குல உயரத்தில் நிற்கட்டும். அதற்குப் பிறகு உயரத்தைத் தீர்மானிப்பது வெப்பமானியும் குஞ்சும்தான். 2 அடி அகலக் கூடாரத்தின் கீழ் 50 குஞ்சும் ஒருசேரப் படுக்க இடம் இருக்கும். 4 அடி வளையத்தில் சுற்றிலும் ஓர் அடி வெறுமையாக நிற்கும். குஞ்சு ஒதுங்குவதற்கான இடம் அதுதான்.

தரை

சிமெண்ட் தரையைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, இரண்டு நாள் முழுசாகக் காயவிடுங்கள். அதன்மேல் 2 அங்குலத்துக்கு உமி. தேங்காய் நார்க்கழிவும் நல்லதுதான். ஆனால் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும், வெயிலில் உலர்த்தாமல் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடலைத்தோல் கிடைக்கும் ஊரில் அதையும் போடலாம். இழைப்புளிச் சுருள் சரி, ரம்பத்தூள் வேண்டாம். முதல் நாள் குஞ்சுக்கு எது தீவனம், எது தூள் என்று தெரியாது. தூளைத் தின்று தீனிப்பை கட்டிச் சாகும்.

இதே காரணத்துக்காக முதல் மூன்று நாள் உமிமேல் செய்தித்தாள் விரிப்பார்கள். விரிக்கும் முன் தாளைக் கசக்கிப் பிரித்து விரியுங்கள். வழவழவென்று இருக்கும் தாளில் குஞ்சின் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகலும். இரண்டு நாள் அப்படியே நடந்தால் இடுப்பு மூட்டு விலகி, பிறகு எழுந்து நிற்கவே முடியாது. ஆரம்பத்திலேயே கவனித்தால் இரண்டு காலையும் ஓர் அங்குல இடைவெளியில் மெல்லிய துணிப் பட்டையால் சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று நாளில் சரிசெய்யலாம். தாளைத் தினமும் மாற்றி, நான்காம் நாள் முழுசாக எடுத்துவிடுங்கள்.

குஞ்சு வருமுன்

குஞ்சை வாங்கி வந்த பிறகு பல்பைப் போடாதீர்கள். முந்தைய நாள் மாலையே போட்டுவிடுங்கள். காற்று அரை மணி நேரத்தில் சூடாகிவிடும், உமியும் அதன் அடியில் உள்ள சிமெண்டும் சூடாக ஓர் இரவு ஆகும். வெப்பமானி 95 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும், ஆனால் குளிர்ந்த தரை குஞ்சின் வயிற்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கையை உமிக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளங்கைக்கு இதமாக இருக்க வேண்டும்.

வெப்பமானியை நேராகப் பல்புக்குக் கீழே வைக்காமல் கூடாரத்தின் ஓரத்துக்கு அடியில், கூளத்திலிருந்து 2 அங்குல உயரத்தில் தொங்கவிடுங்கள். குஞ்சின் முதுகு அந்த உயரத்தில்தான் இருக்கும். அங்கே இருக்க வேண்டிய அளவு:

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ்.
இரண்டாம் வாரம் 90.
மூன்றாம் வாரம் 85.
நான்காம் வாரம் 80.

வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும் என்பதற்காக எட்டாம் நாள் காலையில் ஒரே தடவையாகக் குறைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை பல்பை ஓர் அங்குலம் இரண்டங்குலம் ஏற்றிக்கொண்டே வாருங்கள்.

முதல் நாள்

ஒரு நாள் குஞ்சை வாங்கும்போதே அதைத் திருப்பித் தொப்புளைப் பாருங்கள். மூடி, காய்ந்திருக்க வேண்டும். ஈரமாகவோ கறுத்தோ வயிறு உப்பியோ இருந்தால் அது பெரும்பாலும் ஒரு வாரம் தாண்டாது, விலை குறைத்தாலும் வேண்டாம். மேரக்ஸ் என்ற நோய்க்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பொரிப்பகத்தில் கேளுங்கள். அது பொரித்த அன்றே போட வேண்டியது, வீட்டுக்கு வந்து நாள் கழித்துப் போட்டால் பயன் குறைவு.

பொரித்த குஞ்சின் வயிற்றில் மீதி மஞ்சள் கரு இருக்கும். அதை வைத்தே இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கும். பெட்டியில் வெகுதூரம் பயணம் செய்ய முடிவதும் அதனால்தான். ஆகவே வந்தவுடன் தேவை தீனி அல்ல, தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்து, அறைச் சூட்டில் வையுங்கள். 50 குஞ்சுதானே, ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அலகு நுனியை மட்டும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டு இறக்கிவிடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. ஒன்று குடிக்கக் கற்றால் பக்கத்தில் இருப்பது அதைப் பார்த்துக் குடிக்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் வெல்லத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் மாற்றுங்கள். புளித்தால் வயிறு கெடும், ஒழுகிய பிசுக்குக்கு எறும்பும் வரும்.

அதன் பிறகு மக்காச்சோளக் குருணையைத் தாளின்மேல் மெல்லத் தூவுங்கள். தாளில் விழும் குருணையின் சத்தமே குஞ்சைக் கொத்த அழைக்கும். முதல் நாள் மட்டும் குருணை, மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம்.

அன்று இரவு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. பத்துக் குஞ்சை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்தின் அடியில் மார்புக்கு வலப்பக்கம் இருக்கும் தீனிப்பையை விரலால் தொடுங்கள். மெத்தென்று உருண்டையாக இருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கெட்டியாகக் குருணை குருணையாக நெருடினால் தின்றிருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. தளர்ந்து நீர் போல இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் குளிரில் சுருண்டு கிடக்கிறது, அல்லது பாத்திரம் அதற்கு எட்டவில்லை. பத்தில் குறைந்தது எட்டுக் குஞ்சுக்கு அன்றிரவே நிறைந்திருக்க வேண்டும், மறுநாள் காலை பத்துக்கும் நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தைத் தேடாமல் சூட்டையும் பாத்திரம் இருக்கும் இடத்தையும் சரிபாருங்கள்.

வெப்பமானியை நம்பலாம், குஞ்சை இன்னும் அதிகம் நம்பலாம்

கதவைத் திறந்து சத்தம் போடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களைப் பார்த்து அவை ஓடுமுன் இருந்த நிலைதான் உண்மை.

எல்லாம் பல்புக்கு நேர் கீழே ஒன்றோடொன்று நெருக்கி, கழுத்தை உள்ளிழுத்து, கீச்சென்று நீளமாகக் கத்தினால் குளிர். பல்பை 2 அங்குலம் இறக்குங்கள் அல்லது இன்னொன்றைப் போடுங்கள். எல்லாம் தகட்டோரம் ஒதுங்கி, றெக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து இளைத்தால் சூடு. ஏற்றுங்கள், ஒன்றை அணையுங்கள். கூடாரத்தின் ஒரே பக்கத்தில் எல்லாம் குவிந்து மறுபக்கம் காலியாக இருந்தால், அந்தக் காலிப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. பல்பைத் தொட வேண்டாம், காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடித்துச் சாக்கால் அடையுங்கள். இதைக் குளிர் என்று நினைத்துப் பல்பைக் கூட்டினால் பிரச்சினை தீராது, மின்கட்டணம்தான் ஏறும்.

சரியாக இருந்தால் சில கூடாரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும், சில தின்னும், சில குடிக்கும், சில சும்மா சுற்றும். சத்தம் தணிவாக, விட்டுவிட்டு வரும். விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே ஒரு தடவையாவது எழுந்து பாருங்கள். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்த பல்பு அந்நேரத்துக்குப் போதாமல் போகும்.

சித்திரை, வைகாசியில் வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் பகலில் பல்பே தேவைப்படாத நாட்கள் அதிகம். வெளியே 100 டிகிரி அடிக்கும்போது புரூடர் எரிந்தால் குஞ்சு வெந்துபோகும். அப்போது மாலை ஏழு மணிக்குப் போட்டுக் காலையில் அணைத்தால் போதும், பத்துப் பதினைந்து நாளில் பல்பையே எடுத்துவிடலாம். மார்கழி, தையில் நான்கு வாரம்வரை வேண்டியிருக்கும். கொடைக்கானல், ஏற்காடு, நீலகிரியில் மூன்று 40 வாட் போதாது, 60 வாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் இரவிலும் பல்பு வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஒரு ஜீரோ வாட் விளக்காவது எரியட்டும். திடீரென்று இருட்டினால் மிரண்டு குவியும்.

தண்ணீரும் தீனியும்

தண்ணீர்க் குடுவையை வாங்காமல் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவின் வாயிலிருந்து அரை அங்குலத்தில் சிறு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, ஓர் அங்குல விளிம்புள்ள தட்டால் மூடிக் கவிழ்த்துவிட்டால் தட்டில் துளையின் உயரம்வரை மட்டும் தண்ணீர் நிற்கும். துளை தட்டின் விளிம்பைவிட உயரத்தில் இருந்தால் முழுத் தண்ணீரும் உமியில் ஓடிவிடும். முதல் வாரம் தட்டில் கூழாங்கல் பரப்புங்கள். கால் வைத்து இறங்கி நனைந்த குஞ்சு குளிரில் செத்துப்போகும். மூன்றாம் நாளிலிருந்து செங்கல்மேல் தூக்கி வையுங்கள். விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வந்தால் உமியைக் கிளறி உள்ளே தள்ளாது. தினம் இரண்டு தடவை கழுவ வேண்டும், விரலால் தேய்த்தால் வழுவழுப்பு வரக் கூடாது.

தீனியை முதல் மூன்று நாள் தட்டில் வையுங்கள், பிறகு தொட்டிக்கு மாறுங்கள். தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பினால் சிதறும் தீவனமே அதிகமாகும். குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு நாளொன்றுக்கு 5 முதல் 8 கிராம் தின்னும், நான்காம் வாரத்தில் 20 கிராமைத் தாண்டும். 50 குஞ்சுக்கு நான்கு வாரத்துக்கு 20 கிலோ வாங்கி வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

'நாட்டுக்கோழிதானே, குருணை போட்டால் போதும்' என்பது புரூடருக்குப் பொருந்தாது. தாயோடு மேயும் குஞ்சு குருணையோடு புழுவும் பூச்சியும் தின்கிறது. வளையத்துக்குள் அடைபட்ட குஞ்சுக்கு அது கிடையாது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் புரதம் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மூன்று வாரம் அதை மட்டும் போட்டால் இறகு முளைக்கத் தாமதமாகும், ஒன்றையொன்று கொத்தும். பி2 வைட்டமின் குறைந்து கால் விரல் உள்ளே மடங்கிச் சில குஞ்சுகள் கணுக்காலில் நடக்கும்.

தீவனச் செலவைக் குறைக்க நினைத்தால் கரையான் பிடித்துப் போடலாம். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் எடுத்துத் தட்டில் கொட்டினால் குஞ்சுகள் முட்டி மோதித் தின்னும். இரண்டாம் வாரத்திலிருந்து கொடுக்கலாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் பக்கம் பானையை வைத்துவிடாதீர்கள்.

கூளம் நனைந்தால்

தண்ணீர்க் குடுவையைச் சுற்றி உமி கட்டியாகும். அந்த இடத்தை மட்டும் தினம் அள்ளிப் புது உமி போடுங்கள், மற்ற இடத்தைக் காலையில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். குனிந்து குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், நின்றபடி அல்ல. கண் எரிந்தால் குஞ்சுக்கு அது நாள் முழுக்க எரிகிறது.

ரத்தக் கழிச்சல் இந்த ஈரத்தில்தான் தொடங்கும், பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. எச்சத்தில் ரத்தம், தொங்கிய றெக்கை, சிலிர்த்த இறகு தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கொடுக்க வேண்டும். கூளத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

முதல் வாரத்தில் ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்வதும் நடக்கும். பயணக் களைப்பு, அதிகச் சூடு, குளிர் மூன்றில் எதனாலும் வரலாம். பிய்த்து இழுக்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஊறவைத்துத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். தொப்புள் தழும்பை எச்சம் என்று நினைத்துச் சுரண்டிவிட வேண்டாம். அது வயிற்றுப் பக்கம் இருக்கும், ஆசனவாய் வாலடியில்.

கொத்திக்கொள்ளத் தொடங்கினால் கொத்துப்பட்டதை உடனே தனியே எடுத்து, காயத்தில் வேப்பெண்ணெய் தடவுங்கள். ரத்தம் கண்ணில் பட்டால் மற்றவை விடாது. இடம் போதுமா, சூடு அதிகமா, தீவனத்தில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் தலைக்கு மேல் எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வேலையில்லாத அலகுகளுக்கு வேலை கிடைக்கும்.

மின்சாரம் போனால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்காமல் இருக்காது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இரண்டு பல்பை அதில் இணைத்து, வீட்டு மின்விசிறிகளை அணைத்துவைத்தால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது ஓர் இரவைத் தள்ளிவிடலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டில்களில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி, வளையத்தின் நடுவில் நான்கு பாட்டில் வையுங்கள். வளையத்தையும் சுருக்குங்கள். முக்கால்வாசியைச் சாக்கால் மூடினால் குஞ்சுகள் பாட்டிலை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஒன்றரை இரண்டு மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்.

மண்சட்டியில் கரி கனலை வைப்பவர்கள் உண்டு. திறந்த கொட்டகையில், மேலே தகடு மூடி, கனல் புகையின்றிச் சிவந்த பிறகு வைத்தால் உதவும். மூடிய அறையில் ஒருபோதும் வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குஞ்சோடு சேர்த்து அங்கே படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

எலி, எறும்பு, பூனை

வளையத்துக்கு மேல் வலை கட்டாயம் வேண்டும். பூனையும் காகமும் ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து நாளில் நாட்டுக்கோழிக் குஞ்சே ஒன்றரை அடித் தகட்டின்மேல் ஏறி உட்கார ஆரம்பிக்கும். கொட்டகையின் இடைவெளிகளுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். அறுகோணக் கண் உள்ள கோழி வலையில் எலி தாராளமாக நுழையும். எலி நுழைந்தால் பாம்பும் பின்னால் வரும். பெருச்சாளி தரையைத் தோண்டி வரும், மண்தரை என்றால் வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும்.

எறும்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிதறிய குருணைக்கு வரும் செவ்வெறும்பு நலிந்த குஞ்சின் கண்ணிலும் ஆசனவாயிலும் மொய்க்கும். வளையத்துக்கு வெளியே சுற்றிலும் அடுப்புச் சாம்பலை ஒரு சாண் அகலத்துக்குத் தூவி, நனைந்தால் புதுப்பியுங்கள். எறும்பு மருந்துப் பொடியைக் குஞ்சு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

தடுப்பூசி

ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டாவோ எஃப் ஸ்ட்ரெயினோ, இரண்டும் தடுப்பு மருந்துகள், கண்ணில் ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கு. நான்காம் வாரம் மறுபடி லசோட்டா. எட்டாம் வாரம் றெக்கைத் தோலடியில் ஆர்டிவிகே ஊசி, இதுவும் வெள்ளைக் கழிச்சலுக்குத்தான். உங்கள் பகுதிக்கு ஏற்ற அட்டவணையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்து மறுவாரம் போட்டால் அது வெறும் தண்ணீர். குப்பி நூறு, இருநூறு அளவில்தான் வரும் என்பதால் அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களோடு ஒரே நாளில் சேர்ந்து வாங்கலாம். ஆனால் மருந்துதான் பகிர வேண்டும், ஒருவர் கொட்டகைச் செருப்போடு இன்னொருவர் கொட்டகைக்குள் போகக் கூடாது.

பல்பை எடுப்பது

மூன்றாம் வாரம் முதுகையும் தோளையும் பாருங்கள். பஞ்சுமுடி கொட்டி இறகு மூடியிருந்தால் பகலில் பல்பு வேண்டாம். இரவில் மட்டும் ஒன்று எரியட்டும். கூடாரத்தைத் தேடாமல் தகட்டோரமாகப் பரவித் தூங்கினால் அதையும் அணைத்து, அதே வளையத்திலேயே இரண்டு மூன்று இரவு விட்டுவையுங்கள். அதன் பிறகுதான் இடம் மாற்ற வேண்டும். சூடு நிற்பதும் இடம் மாறுவதும் தடுப்பூசியும் ஒரே நாளில் வந்தால் குஞ்சு தாங்காது.

புதுக் கொட்டகைக்கு மாற்றும்போது பழைய தண்ணீர்க் குடுவையையும் தொட்டியையும் கூடவே எடுத்துப் போங்கள். பெரிய கோழிகள் இருக்கும் இடத்தில் கலக்காமல் வலைத் தடுப்புக்கு அப்பால் வையுங்கள், அவற்றுக்கு ஒன்றும் செய்யாத கிருமி குஞ்சைப் படுக்கவைக்கும். முதல் இரண்டு மூன்று இரவு இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். மூலையில் குவிந்திருந்தால் கையால் எடுத்துப் பரப்பிவிட்டு, அந்த மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து அடைத்துவிடுங்கள்.